தினைப்புனமும் தேயிலை மலையும்

அந்தி வேளையிலே பதுளை நகருக்கு ஒரு தனி அழகு உண்டு. நமுனுகுல மலையின் முடியைப் பனிமூட்டம் மெல்ல மெல்லப் போர்த்துக்கொள்ளும். பசறை வீதியிலும் பண்டாரவளை வீதியிலும் தோட்டங்களை நோக்கிச் செல்லும் பஸ் வண்டிகள், பாடசாலைப் பிள்ளைகளைச் சுமந்துகொண்டு மூச்சிரைக்க ஏறும். அத்தகைய ஒரு மாலைப் பொழுதில், எமது பாடசாலை மண்டபத்திலே வாணி விழாவிற்கான ஒத்திகை நடைபெற்றுக்கொண்டிருந்தது.

ஆண்டுதோறும் ஆடப்பெறும் கொழுந்து நடனத்திற்குப் பதிலாக, அவ்வாண்டு சங்கப் பாட்டு ஒன்றின் பொருளை ஆடிக் காட்டுவதென்று முடிவு செய்திருந்தோம். உயர்தர வகுப்பில் குறிஞ்சித் திணைப் பாடல்களைக் கற்ற மாணவியர் சிலரே அதற்குக் காரணர். தினைப்புனம் காக்கும் தலைவி பரண்மீது நின்று கிளி ஓட்டுகிறாள், தலைவன் வருகிறான், கண்ணும் கண்ணும் கலக்கின்றன. நடன ஆசிரியை இக்காட்சியைப் பரதநாட்டிய முறையிலே அழகுற அமைத்திருந்தார். சலங்கை ஒலித்தது, கைகள் மலர்ந்தன, முகங்கள் நகைத்தன.

ஆனால், பசறைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வரும் ஒரு சிறுமி மட்டும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு நின்றாள். காரணம் வினவியபோது, தயங்கித் தயங்கி அவள் கூறியது இது:

"டீச்சர், நாள் முழுக்க மலையில நின்னவ இப்படிச் சிரிச்சுக்கிட்டா நிப்பா?"

மண்டபம் சிறிது நேரம் அமைதியாயிற்று. தமிழாசிரியன் என்ற முறையில் ஓரத்தில் அமர்ந்திருந்த எனக்கு, அக்கேள்வி என்னை நோக்கியே எறியப்பட்டதாகத் தோன்றியது. தினைப்புனத்தின் கருப்பொருள்களையெல்லாம் கரும்பலகையில் எழுதிக் கற்பித்தவன் நானன்றோ? ஆயினும், வெயிலிலும் மழையிலும் ஒரு மலைச்சரிவிலே நிற்கும் பெண்ணின் கால் எவ்வாறு நோகும் என்பதை நான் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

பழந்தமிழ் இலக்கியத்தை ஆடல் மேடைக்குக் கொணர்தல் என்பது, பாட்டுக்கு மெட்டமைத்து முத்திரை சேர்க்கும் அளவில் முடிந்துவிடும் காரியமா? அன்று தொடங்கிய இந்த ஆராய்ச்சியைத்தான் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

மாதவி ஏறிய அரங்கு

தமிழில் ஆடற்கலையைப் பற்றி அறிய விரும்புவோர் முதலில் செல்ல வேண்டிய இடம் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை. ஏழாண்டுகள் பயின்ற மாதவி, தன் பன்னிரண்டாம் அகவையிலே சோழ மன்னன் முன்னிலையில் அரங்கேறுகிறாள். அவளுடைய அழகை வருணிப்பதற்கு முன்னர், அவளை உருவாக்கியவர்களை இளங்கோவடிகள் வரிசையாக நிறுத்துகின்றார். ஆடல் ஆசான், இசை ஆசிரியன், பாட்டு இயற்றும் புலவன், தண்ணுமை ஆசிரியன், குழலோன், யாழாசிரியன் என்று அறுவர். ஒவ்வொருவருக்கும் இருக்க வேண்டிய அறிவு இன்னதென விளக்கிய பின்னரே அரங்கிற்கு வருகின்றார்.

அரங்கின் அளவோ வியப்பூட்டுவது. மலையில் வளர்ந்த மூங்கிலைக் கொண்டு கோல் செய்து, இருபத்துநான்கு பெருவிரல் அளவை ஒரு கோலாகக் கொண்டு, ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் உடையதாக மேடை அமைத்தனர். மேடைத் தளத்திற்கும் மேலே இட்ட உத்தரப் பலகைக்கும் இடையே நான்கு கோல். புகுவதற்கும் வெளியேறுவதற்கும் இரு வாயில்கள். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகள். தூண்களின் நிழல் மேடையில் விழாவண்ணம் விளக்கும் வைத்தார்கள்!

இங்கே ஆசிரியர்களாகிய நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆடல் ஆசானுடன் தமிழ்ப் புலவனும் சமமாக நிற்கின்றான். இன்றோ நடன ஆசிரியை ஓர் அறையிலும் தமிழாசிரியர் வேறோர் அறையிலும் இருக்கின்றனர். பாட்டின் உட்பொருளை அறியாமல் ஆடுவதும், ஆடலின் இயல்பை அறியாமல் பாட்டைக் கற்பிப்பதும் இதனால் நேர்கின்றன.

மாதவி ஆடிய பதினோராடல்களையும் அந்நூலே கூறுகின்றது. கொடுகொட்டி, பாண்டரங்கம் ஆகியவை சிவனுக்கு உரியவை, அல்லியம், மல், குடம் ஆகியவை மாயோனுக்கு உரியவை, துடியும் குடையும் முருகனுக்கு, மரக்கால் கொற்றவைக்கு, பாவை திருமகளுக்கு, கடையம் இந்திராணிக்கு. எஞ்சிய ஒன்று பேடியாடல். அது காமன் ஆடியது. இந்தக் காமனை வாசகர்கள் மறவாதிருப்பார்களாக. அவன் நமது தோட்டத்து லயங்களுக்கே வந்து சேரப் போகின்றான்.

பாட்டின் உள்ளே இருப்பது

சங்கப் பாடல்களை ஆடுவதில் இரண்டு இடர்ப்பாடுகள் உள்ளன. முதலாவது, யாப்பு. அகப்பாடல்களிற் பெரும்பாலானவை ஆசிரியப்பாவில் அமைந்தவை. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற பகுப்பு அவற்றிற்கு இல்லை. மீண்டும் மீண்டும் பாடி, ஒவ்வொரு முறையும் புதிய கருத்தை அபிநயிப்பதற்கு வேண்டிய அடியை நட்டுவனாரே தேர்ந்தெடுக்க வேண்டும். கலித்தொகையும் பரிபாடலும் இதற்கு விதிவிலக்கு. கலிப்பாவின் தாழிசைகள் அடுக்கி வருவதால் ஆடலுக்கு இசைவானவை. பரிபாடற் பாடல்கள் பலவற்றிற்குப் பாலையாழ், நோதிறம், காந்தாரம் எனப் பண்ணும் வகுத்து, இசையமைத்தவர் பெயரும் குறித்துச் சென்றுள்ளனர் முன்னோர். சிலப்பதிகாரத்துக் கானல்வரியும் குரவைப் பாடல்களும் பாடுதற்கென்றே பிறந்தவை.

இரண்டாவது இடர்ப்பாடு பெரிது. சங்கப் புலவன் சொல்லாமல் விட்டதே அவன் சொல்ல வந்தது. அருவியையும் யானையையும் வேங்கைப் பூவையும் பாடிவிட்டு நிறுத்திக்கொள்வான். தலைவியின் துயரம் அவற்றினுள்ளே மறைந்து கிடக்கும். இதனையே உள்ளுறை உவமம் என்றும் இறைச்சி என்றும் இலக்கணத்தார் கூறினர். யானையைக் கையால் காட்டுதல் எளிது. யானையைக் காட்டும்போதே தலைவனின் தவற்றையும் உணர்த்துவதுதான் கலை.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தார். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்பன அவை. ஒவ்வொன்றும் நான்கு காரணங்களாற் பிறக்கும் என்பதும் அவர் கொள்கை. அழுகைக்கு அவர் தரும் நான்கு காரணங்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன. இளிவு என்றால் பிறரால் இகழப்படுதல். இழவு என்றால் உரியவரையும் உடைமையையும் இழத்தல். அசைவு என்பது முன்னைய நிலையிலிருந்து தாழ்தல். வறுமைக்கு விளக்கம் வேண்டுவதில்லை. வகுப்பில் இந்நான்கையும் சொல்லி முடித்தபோது, மலையகத்து வரலாற்றின் அத்தியாயங்களை அடுக்கிச் சொன்னதுபோல எனக்குத் தோன்றிற்று.

முன்னோடிகள் காட்டிய வழி

பழந்தமிழ் ஏடுகள் அச்சேறியிராவிடில் இவ்வாடல்களைப் பற்றி நாம் பேசவும் இயலாது. யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளை 1887ஆம் ஆண்டில் கலித்தொகையைப் பதிப்பித்தார். உ. வே. சாமிநாதையர் 1892ஆம் ஆண்டில் சிலப்பதிகாரத்தை வெளியிட்டார். அரங்கேற்று காதையின் இசை நுட்பங்களை ஆராயத் தலைப்பட்ட காரைதீவுச் சுவாமி விபுலாநந்தர், 1947ஆம் ஆண்டில் யாழ் நூலைத் தமிழுலகிற்கு அளித்தார்.

ஆடல் மேடையில், ருக்மிணி தேவி அருண்டேல் தமது கலாக்ஷேத்திரத்தின் வாயிலாக 1944ஆம் ஆண்டில் குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக்கினார். அது சங்க நூலன்று; பதினெட்டாம் நூற்றாண்டு இலக்கியம். ஆயினும் ஏட்டிலிருந்த தமிழிலக்கியம் ஒன்று பரதநாட்டிய நாடகமாக மலரக்கூடும் என்பதை அது நிறுவியது. அண்மைக் காலத்திலே, தஞ்சை கிட்டப்பா பிள்ளையிடம் பயின்றவரும் மதுரையிற் பிறந்த திருநங்கையுமாகிய நர்த்தகி நடராஜ், சங்கப் பாடல்களையும் பிற தமிழ்ப் பனுவல்களையும் தொடர்ந்து ஆடி வருகின்றார். 2019ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. ஊரும் உறவும் ஒதுக்கிவைத்த ஒருவர் பழந்தமிழ்த் தலைவியின் தனிமையை ஆடும்போது, அதன் ஆழம் எத்தகையதாய் இருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

நமது நாட்டிலும் வழிகாட்டிகள் உளர். பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர 1956ஆம் ஆண்டில் நாடகம் என்னும் சிங்கள மரபுக் கலையிலிருந்து 'மனமே'யை ஆக்கினார். அம்மரபு தமிழ்க் கூத்தோடு உறவுடையது. 1960களிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலியவற்றை மேடையேற்றினார். விடிய விடிய ஆடும் மட்டக்களப்புக் கூத்து, அதன் ஆட்டமும் தாளமும் குன்றாமல், கற்றோர் அவையில் ஒரு மாலைப் பொழுதிற்குள் அடங்கியது.

லயத்து முற்றத்துக் காமன்

இனி, நமது மலைக்கு வருவோம். ஊவா மாகாணத்துத் தோட்டங்களில் ஆடலே இல்லை என்று எண்ணுவோர் மாசி மாதத்தில் இங்கு வந்து பார்க்கட்டும். பொட்டலிலே காமனை ஊன்றுவர். தப்பு முழங்கும். ஆடவனொருவன் ரதியாகப் புனைந்துகொள்ள, மன்மதன் கரும்பு வில்லுடன் அவளோடு ஆடி வருவான். திருமணமும் நடைபெறும். பின்னர், தவம் கலைந்த சிவனின் நெற்றிக் கண்ணால் மன்மதன் எரிக்கப்பட, ரதியின் புலம்பல் மலைச்சரிவெங்கும் கேட்கும். இதுவே காமன் கூத்து. பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய கூத்துகளும் மலையகத்தார் தம் மூதாதையரோடு கடல் கடந்து கொணர்ந்த செல்வங்களே.

புகாரிலே காமவேள் கோட்டம் இருந்ததைச் சிலப்பதிகாரம் சொல்கின்றது. கணவனை மீண்டும் பெறுவதற்கு அங்கே வழிபடுமாறு தேவந்தி அறிவுறுத்த, கண்ணகி அதனை மறுத்து விடுகின்றாள். மாதவியோ காமனுக்குரிய பேடியாடலை ஆடுகின்றாள். அப்பேடியாடலின் நேர் வழித்தோன்றலே காமன் கூத்து என்று யான் கூறத் துணியேன். ஆனால் புகார் நகர் வழிபட்ட அதே தெய்வத்தை, கொழுந்து எடுத்துக் களைத்து வந்த மக்கள் தங்கள் பொட்டலிலே இன்றும் அழைத்து ஆடுகின்றனர் என்பது கண்கூடு.

பதுளை மாணவர்க்கு வேறொரு சிறப்பும் உண்டு. வள்ளி மணாளன் உறையும் கதிர்காமம் நமது ஊவா மாகாணத்திலேயே இருக்கின்றது. மலைநாட்டிலே வேங்கை மர நிழலில் நின்று விண்ணகம் புகுந்த கண்ணகியைக் கண்டவர்கள் குன்றக் குறவர்களே. முருகனுக்கும் அவளுக்குமாக அவர்கள் குரவை ஆடினர். கோயில் எடுத்த சேர மன்னனுக்கும், அவ்விழாவிற்குச் சென்றதாகக் கூறப்படும் இலங்கைக் கயவாகு வேந்தனுக்கும் முன்னர், அப்பத்தினியைத் தொழுதவர்கள் மலைவாழ் எளிய மக்களே. இதனை எங்கள் மாணவியர்க்குச் சொன்னபோது அவர்கள் நிமிர்ந்து அமர்ந்ததைக் கண்டேன்.

மாறிய ஒத்திகை

மீண்டும் அந்த ஒத்திகைக்குச் செல்வோம். சிறுமியின் கேள்வியை நடன ஆசிரியை குறையாகக் கொள்ளவில்லை. "அப்படியானால் எப்படி நிற்பாள்? நீயே காட்டு" என்றார். அவள் காட்டினாள். சரிவிலே நிற்பவள்போல ஒரு கால் மேலும் ஒரு கால் கீழும் ஊன்றி, கூடைக் கயிற்றின் பாரம் தாங்கும் நெற்றியைச் சற்று முன்னே நீட்டி நின்றாள். பரதநாட்டியத்தில் மலர் கொய்வதற்குக் கடகாமுகம் என்னும் முத்திரை பிடிப்பர். அதே முத்திரை அவள் கையில் விரைந்தது. இரண்டு இலையும் ஒரு குருத்துமாகக் கிள்ளும் தாயின் விரல்களை அவள் பிறந்தது முதல் பார்த்து வருகின்றாள் அல்லவா?

அரைமண்டி கெடவில்லை, தாளம் தவறவில்லை. ஆனால் ஆட்டத்திற்கு உயிர் வந்துவிட்டது.

பிறகு பாலைத் திணைக்கு வந்தோம். தலைவனுடன் சென்றுவிட்ட மகளை எண்ணி வழி நோக்கி நிற்கும் செவிலித்தாயை ஆட வேண்டும். எவ்வாறு அழுவது? சிறுமி தன் அப்பாயியிடம் கேட்டு வந்தாள். 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 மக்களை இந்தியா ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று இரு அரசுகளும் எழுதிக்கொண்டன. அவ்வாறு சென்றவர்களுள் அந்த மூதாட்டியின் மூத்த சகோதரியும் ஒருவர். பதுளைப் புகையிரத நிலையத்திலே வழியனுப்பியதுதான் இறுதிச் சந்திப்பு. தலைமன்னாருக்குச் சென்று, கப்பலேறி, இராமேசுவரம் அடைந்தவரிடமிருந்து சில கடிதங்கள் வந்தன. பிறகு அவையும் நின்றுவிட்டன.

"அழுதீங்களா அப்பாயி?" என்று பேத்தி கேட்டதற்கு அவர் சொன்ன விடை இதுதான்: "அழ நேரம் ஏது? மறுநாள் விடியக்காலையில பிரட்டுக்குப் போகணும்ல."

விழா நாளன்று மேடையிலே செவிலித்தாய் மார்பில் அறைந்துகொள்ளவில்லை, தரையில் விழவுமில்லை. அவளுடைய கைகள் இடைவிடாது கொய்துகொண்டேயிருந்தன. கண்கள் மட்டும் வழியை விட்டு நீங்கவில்லை. ஒருமுறை, ஒரேயொருமுறை, கை நின்றது. பின்னர் மீண்டும் கொய்தது. இறைச்சி என்றால் என்ன என்று இருபதாண்டுகளாக நான் கற்பித்து வருகின்றேன். அன்றுதான் அதைக் கண்ணாற் கண்டேன்.

முல்லை நிலமும் குறிஞ்சி நிலமும் வெம்மையால் வறண்டு பாலையாய்த் திரியும் என்று இளங்கோவடிகள் கூறுகின்றார். ஆடி மாதக் காற்றிலே காய்ந்து போகும் ஊவாவின் புல்வெளிகளைக் கண்டவர்க்கு அது விளங்கும். அந்த உலர்ந்த காற்றே ஊவாத் தேயிலைக்கு உலகம் விரும்பும் நறுமணத்தையும் தருகின்றது. வாட்டமும் மணமும் ஒரே காற்றில் வருகின்றன!

இரு வேறு குரல்கள்

எல்லோரும் மகிழ்ந்தார்கள் என்று கூறினால் பொய்யாகும். "கொழுந்து நடனம் கலகலப்பாக இருக்குமே, இவ்வாண்டு ஏன் இல்லை?" என்று விருந்தினர் ஒருவர் கேட்டார். "சாத்திரக் கலைக்குள் தோட்டத்து வேலையை நுழைக்கலாமா?" என்றார் வேறொருவர். "பரதநாட்டியம் நகரத்தாருடைய கலை, நமக்குக் கூத்தே போதும்" என்றார் தோட்டத்து இளைஞர் ஒருவர்.

மூவருக்கும் விடை கூறுதல் என் கடமை. கலகலப்பு வேண்டாம் என்பதில்லை. ஆனால் நாள் முழுவதும் உழைக்கும் தாயை, சிரித்துக்கொண்டே துள்ளுகின்ற பொம்மையாக அவள் பிள்ளைகளைக் கொண்டே காட்டுவது அறமாகாது. சாத்திரம் மாறாதது என்பதும் வரலாற்றுக்குப் பொருந்தாது. அலாரிப்பு முதல் தில்லானா வரையிலான இன்றைய கச்சேரி முறையை வகுத்தவர்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த தஞ்சை நால்வராகிய சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோர். 1930களில் அது மேலும் உருமாறிற்று. மாறி வந்ததனாலேயே அது வாழ்ந்து வந்தது.

இளைஞரின் கூற்றில் மட்டும் ஓர் உண்மை உண்டு. பரம்பரை பரம்பரையாக ஆடி வந்த குலப் பெண்களின் கையை விட்டுப் பரதநாட்டியம் பெரிய சபைகளுக்குச் சென்றது. கலை பெருமை அடைந்தது; அதைக் காத்தவர்கள் மறக்கப்பட்டார்கள். அக்கதி காமன் கூத்திற்கும் வந்துவிடக் கூடாது. கூத்தின் அடவுகளை எடுத்து மண்டபத்து மேடையை அழகு செய்துவிட்டு, பொட்டலை வெறுமையாக விடுவோமாயின் அது திருட்டே ஆகும். பாடசாலைப் பிள்ளை பரதமும் பயிலட்டும்; மாசி மாதத்தில் தாத்தாவின் தப்பொலிக்கு ஆடவும் செய்யட்டும்.

அதற்குப் பெரியோர் செய்ய வேண்டியவை சிலவே. நடன ஆசிரியை இல்லாத தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் வேண்டும். ஒத்திகை முடிந்து இருட்டில் மலையேறும் பிள்ளைகளுக்கு வண்டி வேண்டும். பெரும் பொருட் செலவில் நடைபெறும் அரங்கேற்றந்தான் கலைக்கு அளவுகோல் என்ற எண்ணம் மாற வேண்டும். மாதவியின் அரங்கை அளந்த கோல், மலையிலே வளர்ந்த மூங்கிலால் ஆனதல்லவா?

விழா முடிந்த பின்னர் அச்சிறுமியின் அப்பாயி மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்து எழுந்து வந்தார். தலைவி யார், செவிலி யார் என்று அவருக்கு எவரும் விளக்கவில்லை. பேத்தியின் கையைப் பற்றி, மருதாணி இட்ட விரல்களைத் தடவிப் பார்த்துவிட்டு, "அந்த இடத்துல கை நின்னுச்சே... சரிதான்" என்றார். பிறகு சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பஸ் போய்விடும் என்று அவசரப்படுத்தினார்.